முழங்காலும் கீலும்

நம் நாட்டு வைத்தியர்கள் மூட்டுகளில் தோன்றும் நோவுக்குக் கீல்வாயு என்று பெயரிட்டிருக்கின்றனர். கதவைச் சட்டத்தோடு பிணைத்துத் திறக்கவும் அடைக்கவும் உதவும் உறுப்புக்கும் கீல் என்பதே பெயர். உடலில் எலும்போடு எலும்பு கூடுமிடத்துக்கும் அதுவே பெயர். இதில் வியப்பில்லை. முழங்காலை வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது ஒரு கீலாகவே தோன்றும். மடங்குகிறது, நிமிர்கிறது; வேறென்ன செய்கிறது? இந்தத் தோற்றத்தை நம்பியே ஐரோப்பிய மருத்துவர்களும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், கெட்டுப்போன முழங்காலுக்குப் பதிலாகக் கீல்களைச் செய்து பொருத்தி வந்தனர். அக்கீல்கள் ஏன் நிலைக்கவில்லை, பின்னர் நிலைத்தவை எவ்வாறு உருவாயின, நிலைத்தவையும் நம்மைப் போல் தரையில் அமர்ந்து பழகியோர்க்கு எங்கே குறை வைத்தன என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

இதனை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளிவாசல்களில் வரிசைகளின் ஓரத்தே நாற்காலிகள் பெருகி வருவதை யாவரும் காண்கிறோம். மூட்டுத் தேய்ந்த பெரியவர்களுக்கு அறுவை செய்யலாமா என்ற பேச்சு வீடுகளில் எழும்போது முதலில் கேட்கப்படுவது, வலி தீருமா என்பது. அடுத்த கேள்வி, தொழுகையில் முன்போல் உட்கார இயலுமா என்பது. முதற்கேள்விக்கு மருத்துவம் பெரும்பாலும் நல்ல விடை கண்டுவிட்டது. இரண்டாம் கேள்வியின் வரலாறு அத்துணை எளிதன்று.

மூட்டு நோவு மிகப் பழமையானது. இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கிச் சூரிஞ்சான் கிழங்கின் பயனைப் பேசுகிறார். யூனானி ஹகீம்களின் அலமாரிகளில் அக்கிழங்கு இன்றும் உண்டு. குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தம் 'தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை ரண சிகிச்சைக்கே உரியதாக்கி, கருவிகளைப் படம் வரைந்து காட்டி, நழுவிய மூட்டுகளைத் திருத்தும் முறைகளையும் விளக்கினார். ஆயினும் மூட்டைத் திறந்து உள்ளே கைவைப்பது அக்காலத்தில் உயிரோடு விளையாடுவதாகும். 1846-ஆம் ஆண்டு ஈத்தர் மயக்கமும் 1867-ஆம் ஆண்டு லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வெளிப்பட்ட பின்னரே அந்தக் கதவு திறந்தது.

அதற்குச் சற்று முன்னரும் துணிந்தவர் இல்லாமல் இல்லை. 1861-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பெர்குசன் ஒரு நோயாளியின் கெட்டுப்போன முழங்கால் முனைகளை வெட்டியெடுத்தார். வெட்டிய இடத்தில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கால் விறைத்த தடியாகும், ஒட்டாவிடில் தள்ளாடும். இவ்விரண்டினிடையே மருத்துவம் நெடுங்காலம் ஊசலாடிக் கொண்டிருந்தது.

இந்நிலையில்தான் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் பெயரைச் சந்திக்கிறோம். 1853-ஆம் ஆண்டு, இன்று ருமேனியாவில் உள்ள யாஸி நகரில் பிறந்த இவர், பெர்லினில் அறுவை மருத்துவராக விளங்கினார். 1890-ஆம் ஆண்டு மே மாதம், முழங்காலில் காசநோய் கண்ட 17 வயதுப் பெண்ணொருத்திக்கு, யானைத் தந்தத்தால் கடைந்த ஒரு கீலை மூட்டாக வைத்தார். கீலின் ஒரு தண்டு தொடை எலும்பின் மச்சைக் குழலிலும், மற்றொன்று கணைக்கால் எலும்பின் குழலிலும் இறங்கி நின்றன. தண்டு ஆடாதிருக்கப் பிசினும் நுரைக்கல் தூளும் கலந்த ஒருவகைப் பசையையும் அவர் ஆராய்ந்தார். எழுபது ஆண்டுகட்குப் பின் மருத்துவ உலகம் எலும்புச் சிமெண்ட் என்று கொண்டாடிய கருத்து, அன்றே அவர் மேசையில் இருந்தது.

பதினான்கு மூட்டுகளை அவர் இவ்வாறு மாற்றினார். தொடக்கத்தில் கால்கள் மடங்கின, நோயாளிகள் நடந்தனர். ஆனால் காசநோயின் சீழ் உள்ளேயே கிடந்தது. தந்தம் அதனைத் தீர்க்குமா? பல மூட்டுகள் சீழ் வைத்துக் கெட்டன. காச மூட்டில் இவ்வறுவை ஆகாது என்பதைக் குளுக்கே உணர்ந்து கூறினார். எனினும் அவ்வாண்டு பெர்லினில் கூடிய பத்தாவது அனைத்துலக மருத்துவ மாநாட்டில் தம் பணியை எடுத்துரைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய மேலாளரும் ஜெர்மானிய அறுவை மருத்துவத்தின் தலைவர்போல் விளங்கியவருமான பெர்க்மன் தடுத்துவிட்டார். பெர்க்மனைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட நாம் துணியோம். சீழ் வைத்த மூட்டுகளைக் கண்ட ஒருவர் அஞ்சியது இயல்பே. ஆனால் தடை விழுந்தது செயலின்மேல் மட்டுமன்று, சிந்தனையின்மேலும் விழுந்தது. குளுக் 1942 வரை வாழ்ந்தார். அவர் தொடங்கிய வழியில் செல்வோர் அரிதாயினர்.

அடுத்த அரை நூற்றாண்டில் மருத்துவர்கள் வேறு வழி தேடினர். தேய்ந்த இரு எலும்பு முனைகளுக்கிடையே மெல்லிய சவ்வொன்றைப் பரப்பினால் அவை ஒட்டாமல் வழுக்கும் என்று கருதினர். நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த தசையுறை, கொழுப்பு, தோல் எனப் பலவும் முயன்று பார்க்கப்பட்டன. அமெரிக்காவில் பேயர் என்பார் பதப்படுத்திய பன்றிச் சிறுநீர்ப்பையின் சவ்வையும் பயன்படுத்தினார். அது ஆகுமா ஆகாதா என்று நம் உலமாக்கள் ஆராய வேண்டிய நிலை எழவில்லை. மருத்துவமே அதனைக் கைவிட்டது. இவ்வகை அறுவைகளில் முழங்கால் ஓரளவு அசைந்தது, ஆனால் வலி போகவில்லை. வலி போனவிடத்து அசைவு போயிற்று. முடிவில் பலருக்கும் கிட்டியது மூட்டை நிலையாக இணைத்துவிடும் அறுவையே. வலி அடியோடு தீரும். ஆனால் கால் ஆயுள் முழுவதும் நீட்டியபடியே இருக்கும். பேருந்தில் ஏறுவதற்கும் சாப்பாட்டுக்கு அமர்வதற்கும் அந்தக் கால் எத்துணைத் தொல்லை என்பதை அத்தகைய ஒருவரோடு வாழ்ந்தவர் அறிவர்.

1951-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் வால்டியஸ் மீண்டும் கீலுக்கு வந்தார். முதலில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாலும், பின்னர் உலோகத்தாலும் செய்தார். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் ஷயர்ஸ் என்பார் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கீலைச் செய்தார். 1970-இல் பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று மேலும் திருத்திய கீலை வெளியிட்டது. முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்தோர் எழுந்து நின்றனர். அந்நன்மையை மறைப்பது அறமாகாது. ஆனால் சில ஆண்டுகளில் கீல் தளர்ந்தது, தண்டு எலும்பைத் துளைத்தது, கிருமி குடியேறியது. கழற்றியெடுத்தாலோ அத்துணைப் பெரிய உலோகம் இருந்த இடத்தில் எலும்பே மிச்சமில்லை.

ஏன்? நிலைச்சட்டம் அசையாமல் நிற்கும்வரை கீல் நன்கு உழைக்கும். சட்டமே ஒவ்வொரு முறையும் சற்றுத் திருகுமானால்? கீல் உடையாது; அதைப் பிடித்திருக்கும் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வரும். முழங்காலில் நேர்ந்தது இதுவே. தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு குமிழ்களாக உருண்டிருக்கிறது. அவற்றின் வளைவு முன்புறம் ஒரு விதம், பின்புறம் ஒரு விதம். மடங்கும்போது அக்குமிழ்கள் கணைக்கால் எலும்பின்மேல் உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். கால் முழுவதும் நிமிரும் கடைசிக் கட்டத்தில் கணைக்கால் வெளிப்புறமாகச் சிறிது திருகிப் பூட்டிக்கொள்கிறது. ஒற்றை அச்சில் ஆடும் கீலுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. நடக்கும்போது உடல் எடையின் இரண்டு மூன்று மடங்குப் பாரம் முழங்காலில் விழுகிறது; ஒவ்வோர் அடியிலும் எழும் திருகல் முழுவதும் தண்டும் எலும்பும் கூடுமிடத்தில் இறங்கியது.

இவ்வுண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் மனித நடையைப் பற்றி 1836-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே முழங்கால் உருண்டும் வழுக்கியும் இயங்குவதை எழுதியிருந்தனர். குளுக் தந்தத்தைக் கடைவதற்கு 54 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிய செய்தி! உடற்கூறு அறிந்தோர் நூலில் எழுதினர். அறுவை செய்தோர் கொல்லரிடம் கீல் கேட்டனர். இருவரும் ஒரே மேசையில் அமர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பதே இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் உறுத்துகிறது.

அந்த மேசை இடுப்பு மூட்டை முன்னிட்டுத்தான் முதலில் போடப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடி வந்தார். முதலில் டெஃப்லானை நம்பி நூற்றுக்கணக்கானோர்க்குப் பொருத்தி, அது சில ஆண்டுகளில் தேய்ந்து உடலுக்குள் துகளாகக் கண்டு மனம் நொந்தார். 1962-ஆம் ஆண்டு அடர்த்திமிக்க பாலிஎத்திலீனைக் கையாண்டார், அது நிலைத்தது. பளபளப்பான உலோகம் அத்தகைய பாலிஎத்திலீன்மேல் வழுக்க வேண்டும், இரண்டையும் எலும்போடு அக்ரிலிக் சிமெண்ட் பிடித்துக்கொள்ள வேண்டும் என்னும் அவருடைய விதியே இன்றும் பெரும்பாலான செயற்கை மூட்டுகளின் அடிப்படை.

அவரிடம் பயில வந்தவர்களுள் ஃபிராங்க் கன்ஸ்டன் ஒருவர். கனடாவின் வின்னிபெக் நகரினர். பொறியியல் கற்றபின் மருத்துவம் கற்றவர். நாம் மேலே சொன்ன மேசையின் இரு பக்கத்திலும் ஒருவரே அமர்ந்துவிட்டார் எனலாம். முழங்காலுக்கு ஓர் அச்சு அன்று, மடங்க மடங்க இடம் மாறும் பல அச்சுகள் உண்டு என்பதை அவர் ஏற்றார். கீலை அடியோடு விட்டார். தொடை எலும்பின் ஒவ்வொரு குமிழிலும் அரைவட்ட எஃகுத் துண்டொன்றைப் பதித்தார். கீழே, கணைக்கால் எலும்பில், அது ஓடுவதற்குப் பாலிஎத்திலீன் பள்ளம் ஒன்று. மேலும் கீழும் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. அவற்றைச் சேர்த்து நிறுத்தும் வேலையை, நோயாளியின் சொந்தத் தசைநார்களுக்கே விட்டுவிட்டார். 1968-இல் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1971-இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. இன்று செயற்கை மூட்டு வணிகம் புரளும் செல்வத்தை எண்ணும்போது இச்செய்தியை இருமுறை படிக்கத் தோன்றுகிறது.

கன்ஸ்டனின் துண்டுகள் சிறியவை. துல்லியமாக வைப்பது கடினம். மெல்லிய எலும்பில் அமிழ்ந்தும் போயின. ஆயினும் வழி திறந்துவிட்டது. 1970-ஆம் ஆண்டு லண்டனில் மருத்துவர் ஃப்ரீமனும் பொறியியலாளர் ஸ்வான்சனும் மூட்டின் முழு மேற்பரப்பையும் மாற்றினர். மூட்டின் நடுவே பெருக்கற்குறிபோல் குறுக்கிட்டு ஓடும் இரண்டு நார்களையும் ஃப்ரீமன் துணிந்து வெட்டினார். வெட்டலாகாது என்பாருக்கும் வெட்டலாம் என்பாருக்கும் அன்று எழுந்த வழக்கு இன்றும் முற்றுப்பெறவில்லை. நம் வாசகர்களை அதற்குள் இழுத்துச் செல்ல விரும்பவில்லை.

1974-ஆம் ஆண்டு நியூயார்க்கில் உருவான 'டோட்டல் காண்டிலர்' என்னும் மூட்டே இன்றைய முழங்கால்களின் மூதாதை. அதனை அமைத்தோர் மூவர்: இங்கிலாந்தில் பிறந்த ஜான் இன்சால், பொறியியலாளர் பீட்டர் வாக்கர், மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் பயின்ற சித்தரஞ்சன் ராணாவத். பல ஆண்டுகளுக்குப் பின், 2000-ஆம் ஆண்டிலும் 2001-ஆம் ஆண்டிலும், அன்றைய பிரதமர் வாஜ்பாயியின் இரு முழங்கால்களுக்கும் மும்பையில் அறுவை செய்தவர் இந்த ராணாவத்தே. முழங்கால் மாற்று என்னும் சொல் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்ததில் அச்செய்திக்குப் பெரும் பங்குண்டு.

டோட்டல் காண்டிலர் வலியைத் தீர்த்தது, நிலைத்தும் நின்றது. ஆனால் பலருக்கு 90 பாகைக்குச் சற்று மேல் மடங்குவதோடு நின்றுவிட்டது. 1978-ஆம் ஆண்டு இன்சாலும் பர்ஸ்டினும் நடுவில் ஒரு முளையும் அதன்மேல் உந்தும் ஒரு தடுப்பும் அமைத்து, வெட்டப்பட்ட பின்புற நாரின் வேலையை அவற்றிடம் ஒப்படைத்தனர். மடக்கம் 115 பாகையளவுக்கு உயர்ந்தது. மேலைநாடு மனநிறைவு கொண்டது.

கொள்ளாமல் என்ன செய்யும்? முழங்கால் எத்துணை மடங்கினால் போதும் என்பதற்கு அவர்கள் கையில் அளவுகள் இருந்தன. 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, படியேற 83 பாகை, நாற்காலியில் அமர 93 பாகை, காலணியின் கயிறு கட்ட 106 பாகை, குனிந்து தரையிலிருந்து ஒரு பொருளை எடுக்க 117 பாகை என்று கணக்கிட்டது. அளவு பிழையன்று. ஆனால் அந்தப் பட்டியலில் பாய் இல்லை, தஸ்பீஹும் இல்லை. சம்மணமிடுதல், குந்துதல், மண்டியிட்டுக் குதிகால்மேல் அமர்தல் ஆகியவற்றுக்கு 111 முதல் 165 பாகை வரை தேவை என்பது, கீழை நாட்டார் வாழ்க்கையை முன்னிறுத்திய ஆய்வுகள் பின்னர் வந்தபோதே விரிவாகப் பேசப்பட்டது. நாற்காலியில் வாழ்ந்த ஒரு சமுதாயம் தனக்குப் போதுமான முழங்காலைச் செய்துகொண்டது. அதனைக் குற்றம் சொல்வதற்கில்லை; அதே முழங்கால்தான் நமக்கும் வந்தது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

தொழுகையின் அசைவுகளை இவ்வளவுகளோடு ஒப்பிட்டு நோக்கின் ஒன்று புலனாகும். நிலையும் ருகூவும் செயற்கை முழங்காலுக்குப் பெருஞ்சுமையல்ல. ஸுஜூதைக் காட்டிலும், இரு ஸுஜூதுகளுக்கிடையேயும் அத்தஹிய்யாத்திலும் அமரும் இருப்பே மிகுந்த மடக்கத்தைக் கேட்கிறது. அங்கே தொடையின் பின்புறமும் கெண்டைச் சதையும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கால் மடிய வேண்டும். இயலாதோர்க்கு அமர்ந்தும், அதுவும் இயலாதோர்க்குப் படுத்தும் தொழச் சலுகை உண்டு என்பது சிறுவரும் அறிந்ததே. ஆயினும் அறுபதாண்டுப் பழக்கத்தை விட்டு நாற்காலிக்குச் செல்லும் ஒரு முதியவரின் மனவருத்தம், சலுகை உண்டு என்று சொல்வதால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் 1990-களின் இறுதியில் மிகு மடக்க மூட்டுகள் என்பவை கடைக்கு வந்தன. தொடை எலும்பின் பின்புறத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, உலோகத்தின் பின்வளைவை நீட்டி, 155 பாகை வரை மடங்கும்படி வகுத்தனர். ஆசியச் சந்தையும் அரபுச் சந்தையும் ஆவலோடு வரவேற்றன. ஆனால் பழைய மூட்டையும் புதிய மூட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், நோயாளிகளின் மடக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2007-இல் கொரியாவிலிருந்து வந்த அறிக்கை மேலும் திகைக்க வைத்தது. இவ்வகை மூட்டு பொருத்திய 72 முழங்கால்களில் 27-இல், சராசரி மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், தொடைப்பகுதி உலோகம் தளர்ந்திருந்தது. தளர்ந்தவை பெரும்பாலும் எவருடையவை? நன்றாக மடக்கியவர்களுடையவை, குந்தியும் மண்டியிட்டும் சம்மணமிட்டும் வாழ்ந்தவர்களுடையவை. வேறு மருத்துவமனைகளிலிருந்து இத்தகைய கேடில்லாத அறிக்கைகளும் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் அதற்குப் பின் மருத்துவர்கள் விளம்பரப் பாகைகளைச் சற்று ஐயத்தோடே நோக்கலாயினர்.

ஆயுளைப் பொறுத்தவரை செய்தி நன்று. பல நாட்டுப் பதிவேடுகளையும் ஆய்வுகளையும் திரட்டி 2019-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கணக்கின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு 82 அளவில் 25 ஆண்டுகள் மறு அறுவையின்றி நிலைக்கின்றன. ஐவரில் ஒருவர் அளவில் முழு மனநிறைவு அடைவதில்லை என்பது மறுபக்கம். விலையைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முழங்கால் உறுப்புகளுக்கு உச்சவிலை வகுத்தது. சராசரி 1,58,324 ரூபாயாக இருந்த கோபால்ட் குரோமிய வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. எனினும் அது உறுப்பின் விலையே. மருத்துவமனைச் செலவு வேறு.

மடக்கத்துக்கு வருவோம். அறுவைக்குப் பின் முழங்கால் எத்துணை மடங்கும் என்பதை முன்கூட்டியே காட்டும் மிகச் சிறந்த அடையாளம், மூட்டின் பெயரோ விலையோ அன்று. அறுவைக்கு முன் அது எத்துணை மடங்கியது என்பதே. 130 பாகை மடங்கும் காலோடு செல்பவர் அதனை ஒட்டியே பெறுவார். ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்துப் பொறுத்து 80 பாகையில் விறைத்துப்போன காலோடு செல்பவருக்கு அதைவிடச் சிறிது கூடலாம், பழைய இருப்புத் திரும்புவது அரிது. தாங்கிக்கொள்ளலாம் என்று நம் பெண்மணிகள் தள்ளிப்போடும் ஆண்டுகளின் விலை இங்கேதான் கணக்கில் வருகிறது. வலியைக் குறைக்கும் மருந்தும் எடைக்குறைப்பும் தொடைத்தசைப் பயிற்சியும் போதுமானவர்க்கு அறுவை வேண்டியதே இல்லை. வேண்டியவர் என்று மருத்துவர் கூறிய பின், கால் மடங்கும் காலத்திலேயே முடிவு செய்தல் நன்று. அறுவை முடிந்த முதல் ஆறு வாரங்களில், வலிக்கிறது என்று காலை நீட்டியே வைத்திருப்போரின் மூட்டு அந்நிலையிலேயே இறுகத் தொடங்கும். பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலையும் சிலருக்கு நேர்கிறது. தாம் எப்படி உட்கார்ந்து உண்பவர், எப்படித் தொழுபவர் என்பதை நோயாளி முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். தரையில் மண்டியிடுவது தம் மூட்டுக்கு ஆகுமா, எத்தனை மாதம் கழித்து ஆகும் என்பதையும் அவரிடமே கேட்டறியலாம்.